முகம் மட்டும் நோயலுக்கு

“தூணு, வளைவு, சிலுவை எல்லாம் நான். மாதா முகம் மட்டும் நோயலு. இது இன்னா நியாயம்?”

ஜெயராமன் தள்ளி வைத்த தட்டை ருக்கு மறுபடி அவர் பக்கம் நகர்த்தினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டுவரும் புகார் இது.

“அவரு உங்க சிநேகிதருதானே?”

“சிநேகிதனா? ஒரே நாள்ல, ஒரே மேஸ்திரிகிட்ட பிரஷ் புடிச்சோம். இப்போ பெரிய ஆளாயிட்டான். நேத்து சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுல நேருக்கு நேரா வந்தான். நான் சிரிக்கிறேன், என்னைப் பார்த்துக்கினே தாண்டிப் போறான். அவ்ளோ கொழுப்பு.”

“ஏதோ யோசனையா இருந்திருப்பாரு.”

“நீயும் அவன் கட்சிதானா?”

கோயில் முகப்புகளுக்கு வர்ணம் அடிப்பதில் பெங்களூர் தமிழர்களிடையே இருவருக்குமே பெயர் உண்டு. ஆனால் எந்தக் கோயிலுக்குப் போனாலும், “முகம்னா நோயல் கைதான்” என்று சொல்லிவிடுவார்கள். ஜெயராமனுக்கும் முகம் வரும். வரையச் சொல்லித்தான் யாரும் கேட்டதில்லை. 1997 செப்டம்பர் திருநாளுக்காக மர்பி டவுனில் இருந்த சின்ன மாதா கோயிலுக்கு வர்ணம் அடித்தபோதும் அதே கதைதான்.

நோயல் இரண்டு நாள் சாரத்தின் மேல் உட்கார்ந்து, சாக்குப் படுதாவுக்குப் பின்னால் வேலை செய்தார். இறங்கி வந்து, “முடிஞ்சுது ஃபாதர். காயட்டும். திருநாள் அன்னிக்கே படுதாவை எடுங்க” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம், வளைவின் ஓரத்தை முடிப்பதற்காக ஜெயராமன் மேலே ஏறினார். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் சாக்கை விலக்கினார்.

ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. உதட்டுச் சிவப்பு முகவாய் வரை இறங்கியிருந்தது.

‘பேரு வந்தா போதும், வேலை எப்படி இருந்தா இன்னா. அவ்ளோ அலட்சியம்’ என்று நினைத்தார். முதலில் மனம் குதித்தது. திருநாள் அன்றைக்கு ஊரே சிரிக்கட்டும். சாக்கை மூடிவிட்டு இறங்கப் போனவர் பாதி ஏணியில் நின்றுவிட்டார். இப்படியே விட்டால் நோயலுக்கு ஒரு நாள் அவமானம், அவ்வளவுதான். இதை ஊரே மெச்சும்படி நான் வரைந்து, எல்லோரும் நோயலைப் புகழ்ந்து முடித்த பிறகு, அது என் கை என்று சொன்னால்?

திரும்ப ஏறினார். மூன்று மத்தியானங்கள் பிடித்தன. இத்தனை வருடம் யாரும் கொடுக்காத முகம் அது. கடைசியாக இமைக்கோட்டை இழுத்து முடித்ததும், சாக்கை முன்போலவே மூடிவிட்டு இறங்கினார்.

திருநாள் வந்தது. படுதாவை எடுத்ததும் கூட்டம் நெருங்கி வந்து அண்ணாந்து பார்த்தது. முன்வரிசையில் நின்ற பக்கத்துத் தெரு லட்சுமம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “தாயி என்னையே பார்க்குதும்மா” என்று பக்கத்தில் இருந்தவளிடம் அழுதாள். ஃபாதர் மைக்கில் நோயலின் பெயரைச் சொல்லி, கூப்பிட்டு, சால்வை போர்த்தினார்.

ஜெயராமன் பின்னால் நின்று பல்லைக் கடித்தார்.

“எப்பா, இன்னா முகம். நீங்க எவ்ளோ பேஜார் பட்டாலும் நோயல் அண்ணன் கை தனிதாங்க” என்றாள் ருக்கு.

அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. முதலில் நோயலிடம் சொல்ல வேண்டும். அந்த மூஞ்சி மாறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அப்புறம் ஃபாதர், அப்புறம் மைக்.

கோயிலின் பக்கவாட்டில், சிமெண்ட் பெஞ்சில் நோயல் தனியாக உட்கார்ந்திருந்தார். ஜெயராமன் போய் அவர் எதிரிலேயே நின்றார். நோயல் தலையைத் தூக்கினார்.

“யாருங்க?”

“யாருங்களா? சால்வை போட்டதும் ஆளு தெரியலையா?”

“ஜெயராமனா? குரலை வச்சுத்தான் தெரியுது. கோச்சுக்காதே, உக்காரு.” நோயல் குரலைத் தாழ்த்தினார். “உன்கிட்ட மட்டும் சொல்றேன், ஃபாதருக்குத் தெரிய வேணாம். ரெண்டு வருசமா கண்ணு போய்க்கினே இருக்குது. நடுவுல ஒரே புகை, ஓரத்துல மட்டும் சொல்ப, கொஞ்சூண்டு தெரியும். தெரிஞ்சவங்க எதிர்ல வந்தாகூட யாருன்னு தெரியறதில்ல.”

ஜெயராமன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“இந்த முகத்தைக் கைப்பழக்கத்துல போட்டேன். எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியாது. எல்லாரும் சிரிப்பாங்க, இன்னியோட பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுடலாம்னுதான் வந்தேன். இவங்க பேசறதைக் கேட்டா நம்பவே முடியல.”

நோயல் காற்றில் துழாவி ஜெயராமன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இவங்களுக்கு இன்னா தெரியும்? நீ தொழில்காரன், என்கிட்ட முகதாட்சண்யம் பார்க்க மாட்டே. சொல்லு, நெஜமாவே நல்லா வந்திருக்குதா?”

உள்ளே பாட்டு ஆரம்பித்திருந்தது. ஜெயராமன் அந்தக் கையைப் பார்த்தார்.

“நல்லா வந்திருக்குது.”

“அப்போ ஆனேக்கல் கோயில்லயும் ஒரு முகம் கேட்கிறாங்க. ஒத்துக்கட்டுமா?”

“ஒத்துக்கோ,” என்றார் ஜெயராமன். “நீ முடிச்சு எறங்கினதும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லு.”