அரை நூல் வித்தியாசம்

"டூப்ளிகேட் சரக்கை விக்கறதுக்கு உனக்கு வெக்கமா இல்லே?"

தாராவியில் சுயம்புவின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல வியாபார நேரம். மாதுங்காவிலிருந்து வேகு வேகென்று நடந்தே வந்த மகாதேவன், பிரேக் ஷூ டப்பாவைக் கடைப் பலகையில் டொக்கென்று போட்டார். வேட்டியில் கிரீஸ், நெற்றியில் கிரீஸ், கட்டைவிரலில் ரத்தம்.

சுயம்பு பதறவில்லை. "உக்காருங்க சாமி. என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? காலம்பற எட்டு மணிக்கு என் மோட்டார் சைக்கிள் பின் சக்கரத்தைக் கழட்டினேன். தேஞ்ச ஷூவை எடுத்துட்டு, நீ குடுத்த புது ஷூவை மாட்டினா, டிரம் அதுக்கு மேலே உக்காரவே மாட்டேங்கறது. ராவினேன். தட்டினேன். திருப்பிப் போட்டேன். ஸ்பிரிங் தெறிச்சு, அடுத்தாத்து மாமி காயப்போட்ட வடாத்துலே போய் விழுந்தது. அவகிட்டே வேற பாட்டு கேட்டாச்சு!"

கடையில் நின்ற நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். மகாதேவனுக்கு இன்னும் ஏறிவிட்டது.

"பேசாம மெக்கானிக்கிட்ட விட்டிருக்கலாமே?" என்றார் ஹமீது. மூன்று டாக்ஸி வைத்திருப்பவர். எல்லாவற்றுக்கும் இந்தக் கடையில்தான் சாமான் வாங்குவார்.

"என் வண்டியை நான்தான் பாத்துப்பேன். தப்பு என் கையிலே இல்லே பாய், இந்த ஷூவிலே! அரை நூல் பெருசு. நாளைக்கு எவனாவது இதை அடிச்சு மாட்டிண்டு போய், நடு ரோட்டிலே சக்கரம் இறுகிக் குப்புற விழுந்தா, அவன் பெண்டாட்டி பிள்ளைக்கு யார் பதில் சொல்றது?"

சுயம்பு ஷூவை எடுத்து அளந்து பார்த்தார். "அளவு தப்புதான் சாமி. ஆனா இது உங்க அம்பர்நாத் கம்பெனி டப்பால்லா? டப்பா சீலை உடைச்சதும் நீங்கதான?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்! பன்னெண்டு வருஷமா அந்தக் கம்பெனியிலே இருக்கேன். ஒவ்வொரு ஷூவையும் கேஜிலே வச்சு அளவு பாத்து, இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டை உள்ளே வச்சப்புறம்தான் டப்பாவை மூடுவா. தப்பு வர சான்ஸே கிடையாது. நீதான் எங்க டப்பாவிலே எவனோ பண்ணின சரக்கை அடைச்சு விக்கறே!"

ஹமீது, வாங்குவதற்காக எடுத்து வைத்திருந்த சாமான்களைச் சத்தமில்லாமல் ஒதுக்கினார்.

மகாதேவன் அதோடு விடவில்லை. கடையிலேயே ஒரு காகிதம் கேட்டு வாங்கி, கம்பெனி மானேஜருக்கு இங்கிலீஷில் புகார் எழுதினார். இந்தக் கடைக்குக் கொடுத்திருக்கும் ஏஜென்சியை உடனே ரத்து செய்யவேண்டும் என்று முடித்துக் கையெழுத்தும் போட்டார்.

"படிச்சுப் பாரு. நாளைக்கு நானே கொண்டுபோய்க் குடுக்கப் போறேன்."

அந்த ஏஜென்சிக்காக ஆறு வருஷம் அலைந்தவர் சுயம்பு. கடையில் பாதி வியாபாரம் அதை நம்பித்தான். காகிதத்தை வாங்கி, எழுத்துக் கூட்டிக் கடைசி வரி வரைக்கும் படித்தார். டப்பாவைத் திறந்து உள்ளே பார்த்தார். மூடினார்.

"சாமி சொல்லுதது சரிதான். சரக்கு டூப்ளிகேட்டு. தப்பு எம்மேலதான்."



"அண்ணாச்சி, நீங்களா?" என்றார் ஹமீது. பதிலுக்குக்கூட நிற்காமல் எதிர்க்கடைக்குப் போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

மகாதேவனுக்குக் காலையிலிருந்து இருந்த எரிச்சல் அந்த நிமிஷமே ஆறிவிட்டது. ஆமாம், ஜெயித்தாயிற்றே!

சுயம்பு உள்ளே போய் வேறொரு ஜோடி ஷூ எடுத்து, இரண்டு தடவை அளந்து கொடுத்தார். "இது சரியா உக்காரும்."

"ஒத்துண்டியே, அந்த மட்டும் சந்தோஷம். ஆனா லெட்டர் போகத்தான் போகும். அந்த டப்பாவையும் குடு, சாட்சிக்கு வேணும்."

"டப்பா இந்தாங்க. உள்ள இருக்குத சீட்டு மட்டும் வேண்டாம் சாமி."

"நன்னாருக்கே! அதுதான் முக்கியம். கையெழுத்துப் போட்ட திருடன் யாருன்னு கம்பெனி கண்டுபிடிக்கட்டும்."

சுயம்பு தெருவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பக்கத்தில் யாரும் இல்லை. சீட்டை எடுத்துப் புகார்க் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

இரண்டிலும் ஒரே கையெழுத்து. ஆர். மகாதேவன்.

சாயங்காலம் ஐந்து இருபத்திரண்டு லோக்கல் ரயிலை விடக்கூடாது என்று, மத்தியானமே வெற்றுச் சீட்டுகளில் கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போட்டு பாக்கிங் ஆட்களிடம் கொடுத்துவிடும் இன்ஸ்பெக்டர் சாட்சாத் அவரேதான். கேஜ் அவர் மேஜை டிராயரில் கிடக்கிறது. அதை எடுத்து மாதக்கணக்கு ஆகிறது.

சுயம்பு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"கண்டுபிடிச்சிருவாங்களேன்னுதான் சாமி, நாலு பேரு முன்னால தப்ப நான் ஒத்துக்கிட்டேன். எனக்குப் போனா ஒரு ஏஜென்சி. உங்களுக்கு வேலையே போயிருமே."