மஞ்சள் பை

மேட்டு உச்சியை நெருங்கும்போது வளவன் என் முழங்கையைப் பிடித்தான்.

நான் ஓரத்தை விட்டு ஓரடி உள்ளே தள்ளி நடந்தேன்.

பிடித்தவன் வேறு யாருமில்லை, நான் பெற்ற பிள்ளை. என்னோடு கடைத்தெருவுக்குக்கூட வராத துரை, இந்த ஒரு மாதமாக எனக்கு முன்னால் எழுந்து குவார்ட்டர்ஸ் வாசலில் நிற்கிறான். அப்பாவுக்குச் சர்க்கரையாம், வாக்கிங் துணைக்கு வருகிறானாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

வழி என்னவோ நான் எப்போதும் போகிற வழிதான். எங்கள் பிளாக்குக்குப் பின்னால் காடு. அதைத் தாண்டினால் சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகிப்போன மேடு. மறுபக்கச் சரிவில் முந்திரித் தோப்பு, கொல்லைகள். அப்படியே இறங்கி ஒரு சுற்றுச் சுற்றினால் மறுபடி எங்கள் வாசல்.

உச்சியில் ஓரிடத்தில் மட்டும் மழை மண்ணை அரித்துச் செங்குத்தாக வெட்டிவிட்டிருக்கிறது. எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். அந்த இடம் வந்தாலே பயல் என்னை ஒட்டிக்கொள்வான்.

இன்றைக்கு மாதக் கடைசி. சாயந்தரம் சுரங்கத்து கேட்டில் எனக்கு ரிட்டயர்மென்ட் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இவனுக்கு மிச்சம் இருப்பது இந்த ஒரு காலைதான்.

எல்லாம் என்னோடு வேலை பார்க்கிற கொளஞ்சியப்பன் வாயால் வந்த வினை. போன மாதம் டீக்கடையில் சிரித்துக்கொண்டே சொன்னான்: “சர்வீஸ்ல இருக்கசொல்லவே போயிட்டா புள்ளைக்கு வேலை. ரிட்டயர்டு ஆயிட்டா வெறும் மாலைதான். பாத்து நடங்கண்ணே.”

கடையே சிரித்தது. பக்கத்தில் நின்ற வளவன் சிரிக்கவில்லை.

எப்படிச் சிரிப்பான்? பத்து வருஷமாகக் கான்ட்ராக்ட். பெண் பார்க்கப் போன வீட்டிலெல்லாம் காபி ஆறுவதற்குள் ‘பர்மனென்ட்டா?’ என்று கேட்டுவிட்டார்கள். காடாம்புலியூரில் காபியே வரவில்லை. அவனுக்கு என் வேலை கிடைத்தால் தேவலை என்று நானே ராத்தூக்கம் கெட்டு யோசித்தவன்தான். அதற்காகப் பெற்ற அப்பனையா? அட ஆண்டவா.

இன்று அவன் கையில் ஒரு மஞ்சள் பை வேறு. என்னடா அது என்றால் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டான். உள்ளே ஏதோ ஒன்று அவன் தொடையில் தட்டிக்கொண்டே வந்தது.

அரித்த இடம் வந்ததும் நின்றான். பிடி இறுகியது. சுற்றிலும் ஈ காக்கா இல்லை.

“என்னடா, தள்ளிவுடப் போறியா?” கேட்டே விட்டேன்.

அவன் கை சட்டென்று விலகியது. நான் அறைந்துவிட்டதுபோல என்னைப் பார்த்தான். பிறகு பையைக் கவிழ்த்தான்.

ஒரு ஜோடிச் செருப்பு விழுந்தது.

என்னுடையதுதான். இடது வாரில் என் பெண்டாட்டி பொற்கொடி தைத்துக் கொடுத்த நீல நூல்கூட அப்படியே இருந்தது. வடலூர் சபை வாசலில் எவனோ அடித்துக்கொண்டு போய்விட்டான் என்று நான் அவளிடம் சொன்ன செருப்பு. அந்தத் திருட்டுப் பயலை அவள் ஒரு வாரம் திட்டித் தீர்த்தாள்.

“போன மாசம் இதே எடத்துல ஜோடியா கழட்டி வெச்சிருந்துச்சாம். தோப்புக் காவலுக்கு இருக்கிற விருத்தாம்பா அக்கா நீ விளிம்புல நிக்கறதப் பாத்துட்டுக் கத்தியிருக்கு, வெறுங்காலோட ஓடியாந்துட்ட,” என்றான். “சாயந்தரம் மாலை போடற வரைக்கும் உன்ன வுட மாட்டேன். எனக்கு உன் வேல வேணாம்ப்பா.”

எனக்கு அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. பழைய செருப்பையே போட்டுக்கொள்ளலாம் என்று காலில் கிடந்த புதுச் செருப்பைக் கழற்றினேன்.

அவ்வளவுதான். பயல் பாய்ந்து வந்து மறுபடியும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.