எட்டு மாத ஆராய்ச்சி

"முடிவு பண்ணிட்டேன்! ரெண்டு டிஸ்க் போடற பெட்டிதான். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணுல எல்லாம் அப்படியே இருக்கும்."

பரிசோதகர் மேசையில் ஓங்கித் தட்டியதில், மனைவி நறுக்கி வைத்திருந்த பீன்ஸில் பாதி தரையில் குதித்தது.

பம்ப் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக முப்பத்திரண்டு வருடம் 'இது தேறாது' என்று சொல்லியே ஓய்வு பெற்ற மனிதர். வீட்டுப் படங்கள், வீடியோக்கள் எல்லாவற்றையும் பத்திரமாகச் சேர்த்து வைக்க, எந்த அறையிலிருந்தும் போட்டுப் பார்க்க, ஒரு நெட்வொர்க் பெட்டி வாங்க வேண்டும் என்று எட்டு மாதமாகத் தவம் கிடக்கிறார். அவர் படித்த விமர்சனங்களை அச்சடித்தால் ஏற்றிச் செல்ல ஒரு லாரி போதாது.

மனைவி குனிந்து பீன்ஸைப் பொறுக்கினாள். "நல்லதுங்க. ஆனா வீட்டுக்குள்ள தண்ணி புகுந்துட்டா? ரெண்டும் சேர்ந்துதானே முழுகும்?"

அவர் முகம் தொங்கிப்போனது. போன மாதம் நான்கு டிஸ்க் பெட்டியைத் தேர்ந்தெடுத்தபோது, "ஃபேன் சத்தத்துல எனக்குத் தூக்கம் வருமா?" என்றாள். அதற்கு முன்னால், "அந்தக் கம்பெனியையே இழுத்து மூடிட்டா?" ஒவ்வொரு கேள்விக்கும் அவர் மூன்று வாரம் மாடி அறையில் அடைகாத்தார்.

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா? பழைய கம்ப்யூட்டர் கடகடன்னு இழுத்துக்கிட்டுக் கிடக்கு. அது மண்டையைப் போட்டா, பொண்ணு முதல் அடி வெச்ச வீடியோ போச்சு. வேற எங்கேயும் இல்லை!"

"அதனாலதான் சொல்றேன், அவசரப்படாதீங்க."

முணுமுணுத்துக்கொண்டே மாடி ஏறியவர், பத்தே நிமிடத்தில் பேயறைந்தவர் போல இறங்கி வந்தார்.

"போச்சு. டிஸ்க் செத்துப்போச்சு." நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். "என் தப்புதான். எதையாவது ஒண்ணை வாங்கித் தொலைச்சிருக்கணும்."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு டிவியைப் போட்டாள். ரிமோட்டில் இரண்டு அமுக்கு. திரையில் ஒரு வயது மகள் சோபாவை விட்டுவிட்டு ஓரடி வைத்தாள். தொப்பென்று உட்கார்ந்து சிரித்தாள்.

"இது... எப்படி?"

"நீங்க தேட ஆரம்பிச்ச ரெண்டாவது வாரமே பொண்ணு பெட்டி வாங்கி மாட்டிட்டுப் போயிட்டா. ரவுட்டர் பக்கத்துல, செருப்பு அலமாரிக்குள்ள இருக்கு. உங்க கம்ப்யூட்டர்ல உள்ளதையெல்லாம் தினமும் அதுவே காப்பி எடுத்துக்குது."

"அடிப்பாவி! அப்புறம் எதுக்கு எட்டு மாசமா கேள்வி கேட்டே என்னைக் கொன்னே?"

"ரிட்டயர் ஆன முதல் வாரமே, நான் கரண்டி பிடிக்கிற கோணம் தப்புன்னு படம் போட்டுச் சமையல்கட்டுல ஒட்டினீங்க. பெட்டி வந்தாச்சுன்னு தெரிஞ்சா அன்னிக்கே மாடியை விட்டு இறங்கியிருப்பீங்களே! அது கிடக்கட்டும், வாஷிங் மெஷினை மாத்தணும். எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லுங்க, அவசரமே இல்லை."