சீமாட்டி எடுத்த பங்கு

"உங்க வெண்பா இன்னிக்கு கிளாஸ்ல ஒரு பையனைப் பட்டினி போட்டே கொன்னுட்டாளாம், தெரியுமா?"

போனில் விசாலாக்ஷி. அமெரிக்காவில், மில்பிடாஸ் ஊரில் அடுத்த தெரு. அவள் மகன் ஆர்யனும் வெண்பாவும் ஏழாம் வகுப்பில் ஒன்றாகப் படிக்கிறார்கள்.

நாகமணி அடுப்பைச் சின்னதாக்கினாள். "நிஜமாவா, விளையாட்டுலயா?"

"விளையாட்டுலதான். ஆனா விளையாட்டுலதானே புத்தி வெளிய வரும்."

விஷயம் இதுதான். வரலாற்றுப் பாடத்துக்காக டீச்சர் ஒரு பிரபு குடும்பத்தைக் கற்பனையாக உருவாக்கியிருந்தார். இடைக்கால இத்தாலி. ரோக்காநேரா குடும்பம். மலைமேல் கோட்டை, கீழே கிராமங்கள், ஆலிவ் தோப்பு, மாவரைக்கிற மில், ரொட்டி சுடுகிற அடுப்பு, எல்லாமே அவர்களுடையது. பிரபு போருக்குப் போய்விட்டார். நிலத்தை ஆளுவது சீமாட்டி.

சீட்டுக் குலுக்கியதில் வெண்பா சீமாட்டி. ஆர்யன் காரியஸ்தன். மற்றவர்கள் குடியானவர்கள்.

குடியானவனுக்கு ஆளுக்கு ஒரு கை சாக்லேட். அதுதான் விளைச்சல். நிலத்துக்குப் பங்கு, மில்லுக்குப் பங்கு, அடுப்புக்குப் பங்கு என்று சீமாட்டி எடுத்துக்கொள்வாள். எவ்வளவு என்பது அவள் இஷ்டம். மிச்சத்தைக் குடியானவன் எல்லார் முன்னாலும் சாப்பிட்டுக் காட்டினால் குளிர்காலத்தைத் தாண்டிவிட்டான். மிச்சமே இல்லை என்றால் செத்தான். ஆட்டத்தை விட்டு வெளியே போய் உட்கார வேண்டியதுதான்.

"எல்லாருக்கும் பாதி விட்டுக் கொடுத்திருக்கா. முஆத்கிட்ட மட்டும் ஒண்ணு விடாம வழிச்சுட்டா. ஆர்யன் கூட ரெண்டையாவது விடலாமேன்னு சொல்லியிருக்கான். 'நீ காரியஸ்தன், வாங்கி வைக்கிறதுதான் உன் வேலை'ன்னாளாம்."

"ஓஹோ."

"எம்பையனுக்குக் காரியஸ்தன் வேஷம் வந்ததுக்காக நான் சொல்லலை. ஆனா அதுவும் அந்தப் பையனைப் பார்த்து..."

"அதுவும்னா?"

"நான் ஒண்ணும் சொல்லலைப்பா. பாக்கறவங்க சொல்லுவாங்க. முஸ்லிம் பையனைத் தனியா ஒதுக்கினான்னு."

போனை வைத்த பிறகு நாகமணிக்கு தோசை திருப்ப மனம் வரவில்லை.

முஆத், லத்தீஃபா அக்காவின் மகன். தினம் காலையில் வீட்டு வாசலுக்கு வந்து வெண்பாவையும் ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளியில் விடுகிறவள் லத்தீஃபா அக்கா. இந்த ஊருக்கு வந்த புதிதில், ஆளே இல்லாத தெருவைப் பார்த்து மிரண்டு நின்ற நாகமணியிடம் தானாக வந்து பேசியவளும் அவள்தான். நாளைக் காலை அந்தக் கார் வாசலில் வந்து நின்றால் எந்த முகத்தோடு கதவைத் திறப்பது?

"வெண்பா, இங்க வா."

வந்தாள்.

"முஆத்கிட்ட எல்லாத்தையும் எடுத்தியா?"

"ஆமா."

இல்லை என்றாவது சொல்வாள் என்று எதிர்பார்த்த நாகமணி கொஞ்சம் தடுமாறினாள். "ஏன்?"

"அம்மா, ஐ வாஸ் தி கவுன்டெஸ். எவ்ளோ வேணா எடுக்கலாம். அதான் ரூல்."

"மத்தவங்களுக்குப் பாதி விட்டியே. அவனுக்கு மட்டும் ஏன் இல்லை?"

வெண்பா தரையைப் பார்த்தாள். "ஐ கான்ட் டெல் யூ."

"எங்கிட்டயே சொல்ல முடியாதா? அப்ப கிளம்பு. அவங்க வீட்டுக்குப் போறோம்."

"நான் சாரி சொல்ல மாட்டேன்."

"நீ சொல்ல வேணாம்டி சீமாட்டி. பக்கத்துல நில்லு, போதும். நான் சொல்லிக்கிறேன்."

தப்பு என்றால் அன்றைக்கே போய்த் தீர்த்துவிட வேண்டும், ஊற வைக்கக் கூடாது என்பது நாகமணியின் கட்சி. அலமாரியில் இருந்த சாக்லேட் பையைப் பிரிக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டாள்.

கதவைத் திறந்தது லத்தீஃபா அக்கா. பின்னாலேயே முஆத்.

"அக்கா, உள்ள வரதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். எம்பொண்ணு உங்க பையனைக் கிளாஸ்ல வெச்சு அசிங்கப்படுத்திட்டா. மனசுல எதையும் வெச்சுக்காதீங்க. நான் அவளை அப்படி வளர்க்கலை."

சொன்ன கையோடு பையைக் கிழித்து ஒரு சாக்லேட்டை உரித்து முஆத்தின் வாய்க்கு நேராக நீட்டினாள். "இந்தா கண்ணா. ஆன்ட்டி கையால ஒண்ணு சாப்பிடு. எல்லாம் சரியாப் போயிடும்."

முஆத் ஓரடி பின்னால் நகர்ந்தான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வெண்பாவைப் பார்த்தான். வெண்பா கூரையைப் பார்த்தாள்.

"பாத்தீங்களாக்கா, கோபம் இன்னும் போகலை அவனுக்கு."

"கோபமா? இவனுக்கா?" லத்தீஃபா அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வந்ததுலேர்ந்து வெண்பா புராணம்தான் பாடிட்டிருக்கான். நீ அவளைத் திட்டினியா?"

"திட்டாம? காரணத்தைக் கேட்டா வாயே திறக்க மாட்டேங்குறா."

"திறக்க மாட்டா. காலைல கார்ல போறப்போ விஷயத்தைச் சொல்லிட்டு, யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு இவன்தான் அவகிட்ட சத்தியம் வாங்கியிருக்கான்."

லத்தீஃபா அக்கா வெண்பாவை இழுத்துத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டாள்.

"பள்ளிக்கூடம் இருக்கிற நாள்ல இவன் நோன்பு வெச்சது இன்னிக்குத்தான் முதல் தடவை. கிளாஸ்ல தெரிஞ்சா 'தண்ணி கூடவா குடிக்க மாட்டே'ன்னு ஆளாளுக்குச் சுத்தி நின்னு கேப்பாங்கன்னு இவனுக்கு ஒரே கூச்சம். ஒரு சாக்லேட் மிச்சம் இருந்திருந்தாக் கூட எல்லார் முன்னாலும் தின்னுருக்கணும். உம்பொண்ணு இவனைக் கொன்னதாலதான் நாகமணி, நோன்பு பொழைச்சுது."