பொருந்தாத கார்ட்

"'இந்தக் கார்ட் உங்கட கொம்பியூட்டருக்குப் பொருந்தாது' எண்டு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கோ தம்பி. அது காணும் எனக்கு."

அக்னெஸ் பனிச் சப்பாத்தைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்துவிட்டாள். தரையெல்லாம் தண்ணீர். ஜெனாட் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

செயின்ட்-மிஷேலில் அவனுடைய கொம்பியூட்டர் கடைக்குள் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே குளிரில் நிற்கவேண்டும். கடைதான் சிறியது, பெயர் பெரியது. பக்கத்து நகரமான லவாலில் எந்தக் கடைக்காரன் எதை மலிவு போட்டாலும் தமிழ்ச் சனம் முதலில் ஜெனாட்டிடம்தான் கேட்கும், 'இது எங்கட பெட்டிக்குள்ள வேலை செய்யுமோ?' என்று. அவன் ஓம் என்றால் வாங்கும், இல்லை என்றால் விட்டுவிடும். ஆறு வருடமாக அந்தச் சொல்லை வைத்துத்தான் அவன் பிழைப்பு ஓடுகிறது.

"பொருந்துற கார்டைப் பொருந்தாதெண்டு எப்பிடி அன்ரி சொல்லுறது? அதுவும் தவக்காலத்தில?"

"ஆயிரம் பொய் சொல்லிக் கலியாணம் கட்டி வைக்கினம். நான் ஒண்டுதானே கேக்கிறன். பாவசங்கீர்த்தனத்தில அதையும் நானே சேர்த்துச் சொல்லுறன், நீங்கள் பயப்பிடாதேங்கோ."

ஜெனாட்டுக்குச் சிரிப்பு வந்தது. அக்னெஸுக்கு வரவில்லை.

விஷயம் இதுதான். அவள் மகன் ஜோன்சன் கொம்பியூட்டரில் ஒரு யுத்த விளையாட்டு விளையாடுகிறவன். ஈஸ்டர் முடிந்த கையோடு அதன் புதிய பாகம் வெளிவருகிறது. அது ஓடுவதற்கு வீட்டுக் கொம்பியூட்டரில் இருக்கிற கிராபிக்ஸ் கார்ட் காணாது. புதிதாக ஒன்று போடவேண்டும்.

"பொடியன் விளையாடினால் விளையாடிப்போட்டுப் போகட்டும். இவரை நினைச்சுத்தான் எனக்குப் பயம்," என்றாள் அக்னெஸ். "பேஸ்மென்டில வெடிச்சத்தம் கேட்டால் காணும், இவர் சாப்பாட்டுக் கோப்பையை அப்பிடியே வைச்சிட்டு இறங்கிப் போயிடுவார். அவன்ர கதிரைக்குப் பின்னால நிண்டு பார்த்துக்கொண்டே நிப்பார். கண்ணால தண்ணி ஓடும். கூப்பிட்டாலும் காதில விழாது. இதையெல்லாம் விட்டிட்டுத்தானே தம்பி மன்னாரில இருந்து இஞ்சை வந்தனாங்கள்? புதுசில ரத்தமும் புகையும் அசல் மாதிரியே இருக்குமாம். அதைப் பார்த்து இவருக்கு ஏதும் ஆகிப்போச்செண்டால் நான் என்ன செய்வன்?"

சொல்லி முடிக்கும்போதே அழுதுவிட்டாள். ஜெனாட்டுக்கு மனம் இளகிப் போயிற்று. மேலே ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் அவனுடைய அப்பாவே இன்றைக்கும் யன்னலை விட்டு விலகி நிற்கிறவர். அவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"சரி அன்ரி. சொல்லுறன்."

பின்னேரம் கொம்பியூட்டர் வந்தது. ஆனால் கொண்டுவந்தது ஜோன்சன் இல்லை, அக்னெஸின் கணவர் சவிரிமுத்துதான். பெட்டியைக் கம்பளியால் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தோளெல்லாம் பனியோடு வந்து நின்றார்.

"பஸ்காரன் பிள்ளை நித்திரையோ எண்டு பிரெஞ்சில கேட்டான். ஓம் எண்டிட்டன்," என்று சிரித்தார்.

"ஜோன்சன் வரேல்லையே அங்கிள்?"

"அவனுக்குச் சோதினை. நான் கொண்டு வந்தனான்."

ஜெனாட் பெட்டியைத் திறந்தான். உள்ளே குனிந்து பார்த்தான், விரலால் இரண்டு இடத்தில் தட்டினான், தலையை ஆட்டினான். நடிப்பு அவனுக்கே சகிக்கவில்லை.

"புதுக் கார்ட் ஒண்டும் இதுக்குப் பொருந்தாது அங்கிள்."

சவிரிமுத்துவின் முகம் விழுந்துவிட்டது. மேல்கோட்டுக்குள் கையை விட்டு நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார்.

"புது விளையாட்டுக்கு எந்தக் கார்ட் ஓடும், எது ஓடாது எண்டு அதைச் செய்தவங்களே இதில போட்டிருக்கிறாங்கள். மகனிட்டக் கேட்டுக் கேட்டு, எங்கட பெட்டிக்குச் சரிவாறதுகளுக்குக் கீழ நான் கோடு போட்டு வைச்சிருக்கிறன். இந்தா, இந்த மூண்டாவது. அது உங்கட முதுகுக்குப் பின்னால தட்டிலதானே இருக்கு தம்பி?"

ஜெனாட் கையும் களவுமாகப் பிடிபட்டான். காது சுட்டது. ஆறு வருடப் பெயர் ஒரு நிமிடத்தில் போகப் பார்த்தது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அங்கிள். அன்ரிதான் வந்து அப்பிடிச் சொல்லச் சொன்னவ. உங்களுக்கு அது ஆகாதெண்டு நல்லாப் பயப்பிடுறா."

சவிரிமுத்துவுக்குக் கோபம் வரவில்லை. "பயப்பிடத்தானே செய்வா, பாவம். நானும் வாய் திறந்து ஒண்டும் சொல்லுறேல்லை. என்னிலதான் பிழை."

"அப்ப ஜோன்சனிட்டச் சொல்லுங்கோவன், கொஞ்ச நாளைக்கு இந்த விளையாட்டை விடச் சொல்லி."

"அவனுக்கு எப்பவோ அலுத்துப் போச்சு. நான் கேக்கிறதாலதான் இருந்து விளையாடுறவன். புதுசை வாங்குவம் எண்டு ஆய்க்கினை குடுத்ததும் நான்தான்."

ஜெனாட் திகைத்துப்போய் அவரைப் பார்த்தான். "அழுதழுது ஏன் அங்கிள் அதைப் பார்க்கிறியள்?"

சவிரிமுத்து காகிதத்தை மெதுவாக மடித்தார்.

"பழசில சூடுபட்டு விழுந்தவன் விழுந்தவன்தான், தம்பி. இந்தப் புதுசில, பக்கத்தில நிண்டு ஓடிப்போனவன் திரும்பி வந்து கையைப் பிடிச்சால், விழுந்தவன் எழும்புவானாம்."