நாற்பத்தோராம் சோடி

“இன்னொருக்கா ஓட்டிப் பாரும்,” என்றான் ஜனா.

“பதினொரு தரம் ஓட்டிப்போட்டன்,” என்றாள் யதுஷா. கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

“பன்னிரண்டாம் தரம் பச்சை விழும்.”

“விழும். பிறகு திரும்பச் சிவப்பும் விழும்.”

ஜனாவுக்குக் கோபம் வந்தால் ஏசியைக் கூட்டுவான். வெள்ளவத்தையில் புடவைக் கடைக்கு மேல்மாடியிலிருந்த அந்த ஆபீஸில் காலையிலிருந்தே எல்லோருக்கும் குளிர்.

கலியாணப் பொருத்தம் பார்க்கும் புரோகிராம் அவனுடையது. கொழும்புப் புரோக்கர்மாரில் பாதிப் பேர் அதைத்தான் நம்பியிருந்தார்கள். “என்ர மகன் செய்தது பொய் சொல்லாது,” என்று அவனுடைய அம்மா சந்தையில் மீன் வாங்கும்போதுகூடச் சொல்லி முடித்துவிட்டுத்தான் விலை கேட்பார். இப்போது அது கைபேசிக்கு வருகிறது. வெள்ளிக்கிழமை வெளியீடு. கொட்டாஞ்சேனையில் மண்டபம் எடுத்து, புரோக்கர்மாருக்குச் சாப்பாடும் சொல்லியாகிவிட்டது. சோதனை பார்க்கிற யதுஷா ‘சரி’ என்று கையெழுத்து வைக்கவேண்டியதுதான் பாக்கி.

அவள் பெரிய கம்பனி வேலையை விட்டுவிட்டு நாலு மாதத்துக்கு முன்புதான் இங்கே வந்தவள். ஏன் வந்தாள் என்று ஆபீஸில் ஒருவர் விடாமல் கேட்டுப் பார்த்தாயிற்று. சிரிப்பாளே தவிர வாய் திறக்கமாட்டாள்.

அவள் எழுதிவைத்த சோதனை தானாகவே ஓடும். அறுபது சோடிகளின் சாதகத்தைப் போட்டு, ஒவ்வொரு தரமும் அதே விடை வருகிறதா என்று பார்க்கும்; வந்தால் பச்சை, மாறினால் சிவப்பு. ஐம்பத்தொன்பது சோடிகளில் ஒரு குறையும் இல்லை. நாற்பத்தோராம் சோடிக்கு மட்டும் எட்டுப் பொருத்தம், எட்டுப் பொருத்தம் என்று சொல்லிக்கொண்டே வந்து, நினைத்தாற்போல் மூன்று என்றது.

“அந்தச் சோடிக்கு மட்டும் என்ன வந்தது?”

“தொண்ணூற்றாறில அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினதெல்லோ? பிறகு பத்து வருசம் அரை மணித்தியாலம் கூடத்தானே ஓடினது. மாப்பிள்ளை அந்தக் காலத்தில பிறந்தவர். அதுவும் நட்சத்திரம் மாறுற நேரத்தில. எங்கட புரோகிராம் அந்த அரை மணித்தியாலத்தைக் கழிக்க இடைக்கிடை மறந்துபோகுது. பழைய புரோகிராமிலயும் இதே பிழை இருக்கு.”

“எங்கட வாப்பா ஒரே கேள்விதான் கேட்டாரு, மாப்பிள்ள தொழுவாராண்டு,” என்றாள் பக்கத்து மேசையில் படம் கீறுகிற நிம்றா. “புரோகிராம் ஒண்டும் வாணாம்.”

ஜனா ஏசியை இன்னும் ஒரு படி கூட்டினான். “நூறு தரம் ஓட்டும். நானும் இருந்து பாக்கிறன்.”

ஓட்டினாள். ஒருவரும் சாப்பிடப் போகவில்லை. நிம்றா மட்டும் சத்தமில்லாமல் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் தொண்ணூற்றேழு பச்சை, மூன்று சிவப்பு.

“பாத்தீரே? கம்பசில எனக்கு ஒருநாளும் இவ்வளவு மார்க்ஸ் வந்ததில்லை.”

“கலியாணம் பேசிறவை நூறு தரம் போட்டுப் பாக்கமாட்டினம், ஜனா. ஒருக்காத்தான். அந்த ஒருக்காச் சிவப்பு விழுந்தா, பொம்பிளை வீட்டுக்குப் பிறகு ஃபோன் வராது. ஏனெண்டும் ஒருத்தரும் சொல்லமாட்டினம்.”

“மண்டபத்துக்கு என்ன சொல்லுறது? மணிக்கூட்டில பிழையெண்டோ? கையெழுத்தை வையும். இல்லாட்டி நாளைக்கு வரவேண்டாம்.”

“சரி, வரேல்லை. கையெழுத்தும் வைக்கமாட்டன்.”

தண்ணீர்ப் போத்தலை மூடினாள். சார்ஜர் வயரை அழகாகச் சுற்றினாள். இரண்டையும் கைப்பைக்குள் வைத்தாள். வேலை போன ஒருத்தி இவ்வளவு ஆற அமர வயர் சுற்றுவதைப் பார்க்க ஜனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உந்த ஒரு சோடியாலதானே இவ்வளவு கரைச்சல்? அதைத் தூக்கிப்போட்டா எல்லாம் பச்சை. கையெழுத்தை நானே வைக்கிறன்.”

அவள் எழும்பிய கதிரையில் தானே போய் இருந்தான். பட்டியலைத் திறந்து, நாற்பத்தோராம் சோடியைத் தேடிப் பிடித்தான். அழிக்கப்போன விரல் அப்படியே நின்றது.

மாப்பிள்ளை பிறந்த திகதி, நேரம், ஊர் எல்லாம் ஜனாவுடையவை.

“பொம்பிளை நான்தான்,” என்றாள் யதுஷா, கதவைத் திறந்தபடி. “போன வருசம் உங்கட அம்மா எங்கட சாதகத்தை ஒருக்காத்தான் போட்டுப் பாத்தவ. பிறகு ஃபோன் வரேல்லை. எனக்கெண்டா அது நல்லதாத்தான் போச்சுது. எல்லாப் பிள்ளையளுக்கும் அப்பிடி வாய்க்குமே?”