கேள்வி நேரம்

கம்பியில்லாத் தொடர்பு பற்றிய ஆய்வுக் கருத்தரங்கை நடத்திக்கொண்டிருந்த பேராசிரியை செண்பகவடிவு, மதிய அமர்வில் கட்டுரை வாசிக்க வந்து நின்றவரைப் பார்த்துக் குழம்பினார்.

“இது ரேணுகாவோட கட்டுரையாச்சே. அவங்க வரலையா சார்?”

“போன மாசம் தவறிட்டா மேடம். நான் அவ வீட்டுக்காரன். துணிக்கடை வச்சிருக்கேன். நேர்ல வந்து வாசிக்கலைன்னா கட்டுரையை எடுத்துடுவோம்னு மெயில் வந்துச்சு.”

அரங்கில் வேறு யாரும் இல்லை. எல்லோரும் பக்கத்து அரங்கில் நடந்த சிறப்புரைக்குப் போயிருந்தார்கள். ரேணுகாவின் கணவர் காலி நாற்காலிகளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, திரையில் இருந்த ஆங்கில வரிகளைத் திக்கித் திக்கி வாசித்தார். சமன்பாடுகள் வந்தபோது மட்டும் பேசாமல் சற்று நின்றுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். முடிந்ததும் செண்பகவடிவு தனியாகக் கைதட்டினார். ஆனால் அவர் மேடையிலிருந்து இறங்கவில்லை.

“கடைசில கேள்வி கேப்பாங்கன்னு சொல்லிட்டே இருப்பா மேடம். அதுக்குத்தான் ராப்பகலா படிச்சா.”

செண்பகவடிவு எழுந்து நின்றார். கட்டுரையை முதலில் படித்தபோதே ரேணுகாவிடம் கேட்க நினைத்திருந்த சந்தேகத்தை, அவளிடம் கேட்பதைப் போலவே கேட்டார். மேடையில் நின்றவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். திரும்பி, திரையில் இருந்த மனைவியின் பெயரை வெகுநேரம் பார்த்தார்.

“நல்ல கேள்வி மேடம்” என்றார்.